உள்ளே பிதுங்கியது எங்கே போகிறது? டூ-ஸ்ட்ரோக் கிரேங்க்கேஸ் சீலண்டுகள்: ஒரு மதிப்பீடு

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் போருக்கும் பிஸ்டனுக்கும் காட்டும் கறாரைச் சீலண்டுக்குக் காட்டுவதில்லை. போர் நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் லேத் பட்டறையோடு மல்லுக்கு நிற்பவர், கிரேங்க்கேஸின் இரண்டு பாதிகளையும் மூடும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டியூபைப் பிதுக்கித் தடவிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். அவரிடம் உள்ள அளவுகோல்கள் இரண்டுதான். ஒன்று, டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்ப எண். மற்றொன்று, 'நல்லாப் பிடிக்கும்' என்ற வாய்மொழிச் சான்று. இந்த இரண்டுமே இந்த எஞ்சினைப் பொறுத்தவரை தவறான அளவுகோல்கள். சீலண்டுகளைத் தரப்படுத்துவதற்கு முன் அளவுகோல்களைத் திருத்திக்கொள்வது அவசியம்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிரேங்க்கேஸ் ஓர் எண்ணெய்த் தொட்டி. அதன் இணைப்பு கசிந்தால் தரையில் எண்ணெய் சொட்டும், பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். டூ-ஸ்ட்ரோக்கில் அது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து கலவை இழுபடுகிறது. கீழே இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியே சிலிண்டருக்குப் போகிறது. இணைப்பு கசிந்தால் கார்பரேட்டர் அளந்து கொடுக்காத காற்று உள்ளே வருகிறது. கலவை மெலிகிறது, பிஸ்டன் தலை சூடேறுகிறது, ஒரு நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் ஜாம் ஆகிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் இத்தனையும் நடக்கும் என்பதால்தான் இந்த இணைப்பில் தவறான தேர்வு நெடுநாள் பிடிபடாமல் இருக்கிறது. பழி மெயின் ஜெட்டின் மேல் விழுகிறது. பெரிய ஜெட் மாற்றப்படுகிறது. கசிவு அப்படியே இருக்கிறது.

மதிப்பீட்டுக்கு ஒரு திட்டவட்டமான எஞ்சின் வேண்டும். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்கிறேன். 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 98 சிசி, ரீடு வால்வு, 7500 சுற்றில் 11 குதிரைத்திறன். இன்று நம் பட்டறைகளில் அதிகம் பிரிக்கப்படும் டூ-ஸ்ட்ரோக்குகளில் ஒன்று என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அதன் கிரேங்க்கேஸ் அமைப்பு இந்தக் கேள்வியைக் கலப்படமில்லாமல் முன்வைக்கிறது. வலது, இடது என்று செங்குத்தாகப் பிரியும் இரண்டு அலுமினியப் பாதிகள். நடுவே பேக்கிங் கிடையாது. உலோகத்தோடு உலோகம் முட்ட வேண்டும். இடையே மிஞ்சும் நுண்ணிய பள்ளங்களை மட்டும் பேஸ்ட் அடைக்க வேண்டும். 7500 சுற்றில் அந்த இணைப்பு நொடிக்கு 125 முறை வெளியே தள்ளப்படவும் 125 முறை உள்ளே இழுக்கப்படவும் செய்கிறது. அதே இணைப்பின் ஒரு பகுதி கிரேங்க் அறையை கியர்பாக்ஸ் அறையிலிருந்தும் பிரிக்கிறது. ஆக, ஒரே பேஸ்ட் ஒரு பக்கம் பெட்ரோல் ஆவியையும் இன்னொரு பக்கம் கியர் ஆயிலையும் தாங்கியாக வேண்டும்.

எல்லையையும் இங்கேயே வகுத்துவிடலாம். ஹெட்டில் உலோக கேஸ்கெட் இருக்கிறது. அங்கே எந்தப் பேஸ்டுக்கும் இடமில்லை. சிலிண்டர் அடியில் உள்ள பேக்கிங்கின் தடிமன் போர்ட் திறக்கும் நேரத்தையும் ஹெட் இடைவெளியையும் நிர்ணயிக்கிறது. அங்கே பேஸ்டை வாரிப் பூசுவதும் இரண்டு பேக்கிங் வைப்பதும் சிலிண்டரை உயர்த்தி எஞ்சினின் குணத்தையே மாற்றும் செயல்கள். சுத்தமான முகமும் சரியான பேக்கிங்கும் இருந்தால் அது வெறுமனே உட்கார்ந்தால் போதும். ஆகவே இந்த மதிப்பீடு கிரேங்க்கேஸ் இணைப்புக்கு மட்டும்.

அந்த இணைப்பை முன்வைத்து ஐந்து கேள்விகள் கேட்கிறேன். போல்ட் இறுகிய பின் படலம் எவ்வளவு மெல்லியதாக நிற்கிறது? தடிமன் கூடினால் கிரேங்கின் பக்கவாட்டு இடைவெளி மாறும், பேரிங் அமர்வதும் மாறும். இரண்டாவது, உள்ளே பிதுங்கிய மிச்சம் என்ன ஆகிறது? மூன்றாவது, பெட்ரோலும் அதில் கலந்த எத்தனாலும் 2டி ஆயிலும் சேர்ந்து அதை என்ன செய்கின்றன? நான்காவது, நம் நாட்டுப் பழைய எஞ்சின்களின் தழும்பேறிய முகங்களை அது எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்கிறது? ஐந்தாவது, அடுத்த முறை பிரிக்கும்போது முகத்தைக் கெடுக்காமல் விட்டுக்கொடுக்கிறதா?

இவற்றுள் இரண்டாவதையே தலைமையான அளவுகோலாக வைக்கிறேன். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியதை யாரும் பார்ப்பதில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அதைத் தடுக்க வடிகட்டி இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கின் கிரேங்க் அறையில் வடிகட்டி ஏது? உதிர்ந்த துண்டு கிரேங்க் சுழலும் காற்றோடு சேர்ந்து பெரிய முனை பேரிங்குக்கோ, மெயின் பேரிங்கின் எண்ணெய்த் துளைக்கோ, டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்கோ போகும். பிடிமானம் எவ்வளவு வலிமையானது என்பதைவிட, மிச்சம் எவ்வளவு அபாயமற்றது என்பதே இங்கே தரத்தின் உரைகல்.

வெப்ப எண்ணை ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரேங்க்கேஸின் இணைப்பு முகம் ஹெட்டைப் போலச் சுடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கலவை அதைக் குளிர்வித்தபடியே இருக்கிறது. 150 டிகிரி செல்சியஸ் தாங்கும் பொருள் அங்கே தாராளமாகப் போதும். முன்னூறு டிகிரி என்று அச்சிட்ட டியூபுக்கு அதனால் இந்த இணைப்பில் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது.

முதல் வேட்பாளர் செல்லாக். அரக்குப் பூச்சியின் பிசினை ஆல்கஹாலில் கரைத்துச் செய்த இந்தப் பழம்பொருள் நம் பட்டறைகளில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அதன் நிறைகளைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசலாம், பெட்ரோலில் கரையாது, எண்ணெயில் கரையாது, விலையும் குறைவு. காகிதப் பேக்கிங்கை இடத்தில் பிடித்துவைக்க அது நன்றாகவே பயன்பட்டது. ஆனால் அதன் தகுதி முழுவதும் எரிபொருளில் ஆல்கஹால் இல்லை என்ற அனுமானத்தின்மேல் நின்றது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்திய பங்க்குகளுக்கு வந்தபோது அந்த அனுமானம் முற்றிலும் உடைந்தது. தன் கரைப்பானையே எரிபொருளின் ஐந்தில் ஒரு பங்காகச் சந்திக்கும் ஒரு பூச்சை அந்த எரிபொருள் நிரம்பிய அறைக்குப் பரிந்துரைப்பது முறையாகாது. காய்ந்தபின் நொறுங்கும் குணமும் அதற்கு உண்டு. பழைய எரிபொருளில் அது பெற்ற நற்பெயர் நியாயமானது. இன்றைய எரிபொருளுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

இரண்டாவது வேட்பாளர், காற்றின் ஈரத்தால் உறையும் ஆர்டிவி சிலிக்கோன். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்று இதுவே ஆட்சி செய்கிறது. சென்னை நிறுவனமான அனபாண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த வகைதான். அதே நிறுவனம் வேறு வேதியியல் வகைகளையும் தயாரிக்கிறது என்பதால் எண்ணைச் சொல்லி வாங்குவதே அறிவுடைமை. சிலிக்கோனின் சாதனை அதன் நெகிழ்ச்சி. மெல்லிய தகட்டு மூடி, இருவேறு உலோகங்கள் சேரும் இடம், பெரிய இடைவெளி ஆகியவற்றில் அதற்கு நிகர் இல்லை. இடைவெளி விரிந்து சுருங்கும்போது கூடவே நகர்ந்துகொடுக்கிறது. சரியில்லாத முகம், சாய்ந்த முகம், தழும்பு விழுந்த முகம் எல்லாவற்றையும் மன்னிக்கிறது.

அந்த மன்னிப்பே அதன் குறையும்கூட. சாதாரண சிலிக்கோன் பெட்ரோலில் ஊறினால் உப்பி வலுவிழக்கும். முகங்களுக்கு நடுவே இறுகிய படலத்துக்கு அது பெரிய சிக்கல் இல்லை. பெட்ரோல் படுவது ஒரு நூலளவு விளிம்பில்தான். ஆனால் உள்ளே பிதுங்கி ரப்பர் கயிறாகத் தொங்கும் மிச்சம் முழுவதுமாக ஊறுகிறது. உப்பி, பிய்ந்து, பேரிங்குக்குப் போகிறது. என் தலைமை அளவுகோலில் மிக மோசமாகத் தோற்பது இதுதான். ஐந்தாவது கேள்வியிலும் அது நன்றாகத் தேறுவதில்லை. பழைய சிலிக்கோன் மேல் புதியது ஒழுங்காக ஒட்டாது. பிற வகைகளையும் ஒட்டவிடாது. எனவே பிரிக்கும் ஒவ்வொரு முறையும் சுரண்ட வேண்டியிருக்கிறது. அலுமினிய முகத்தில் சுரண்டுகத்தி விட்டுப்போகும் ஒவ்வொரு கோடும் அடுத்த கசிவுக்கு வழி. வினிகர் வாடை அடிக்கும் வகை உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. உலோக இணைப்புக்கு அது கூடாது. வாங்குவதானால் வாடையற்ற வகையைத்தான் வாங்க வேண்டும்.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தை முழு வலுவோடு வைக்காவிட்டால் மதிப்பீடு நேர்மையாகாது. யமஹாவின் கையேடுகள் தமது முத்திரையில் 1215 என்ற எண்ணுள்ள பேஸ்டைக் கிரேங்க்கேஸுக்கே பரிந்துரைத்திருக்கின்றன. அது ஜப்பானின் த்ரீபாண்ட் தயாரிக்கும் சிலிக்கோன் வகை. ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனமும் தன் மரம் அறுக்கும் செயின்சாக்களில் எஞ்சின் அடித்தட்டை ஒட்ட டிர்கோ எச்டி என்ற சிவப்புச் சிலிக்கோனைச் சொல்கிறது. இவர்கள் டூ-ஸ்ட்ரோக்கை அறியாதவர்கள் அல்லர். எனவே 'சிலிக்கோன் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆகவே ஆகாது' என்ற தீவிரவாதம் செல்லுபடியாகாது. ஆனால் இந்தப் பரிந்துரைகளுக்குப் பின்னே உள்ள நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். கையேடு எதிர்பார்ப்பது தழும்பில்லாத முகம், ஒரு நூலிழை தடிமனில் பூச்சு, தோல் கட்டுவதற்கு முன் மூடும் வேகம். டியூபைப் பிதுக்கிக் கோடு கோடாக இழுத்து விரலால் தேய்க்கும் பழக்கத்துக்கு அந்தப் பரிந்துரை சான்றாகாது. சிலிக்கோனின் தோல்விகளில் பாதி வேதியியலின் குற்றம். மறுபாதி கையின் குற்றம். ஆனால் கை தவறுவதற்கு இவ்வளவு இடம் கொடுக்கும் பொருளை முதல் தரத்தில் வைக்க முடியாது.

மூன்றாவது, கரைப்பான் ஆவியாகி அரைகுறையாக உலரும் வகை. யமஹா பாண்ட் 4, ஹோண்டா பாண்ட் 4 என்ற பெயர்களில் ஜப்பானிய நிறுவனங்கள் விற்பது இந்த மரபைச் சேர்ந்தது. ஆர்எக்ஸ் 100 பிறந்த காலத்து யமஹா டூ-ஸ்ட்ரோக் கையேடுகளில் கிரேங்க்கேஸுக்கான விடை பெரும்பாலும் இதுதான். முறைமை என்ற அளவில் இது மிகவும் ஒத்திசைவானது. பேக்கிங் இல்லாத உலோக இணைப்பை வடிவமைத்தவர்களே அதற்கென்று தேர்ந்த பொருள் இது. பூசிச் சில நிமிடம் காயவிட்டு, ஒட்டும் பதத்தில் மூடினால் போல்ட் இறுகும்போது நன்றாகப் பரவி மெல்லிய படலமாகிறது. முற்றிலும் கெட்டியாவதில்லை, ரப்பர் கயிறாகவும் ஆவதில்லை. உள்ளே பிதுங்கிய மிச்சம் முகத்தோடு பசையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது; சிலிக்கோன்போல் பிய்ந்து பறப்பது குறைவு. பிரிப்பது எளிது, தின்னரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

அதன் குறை அந்தக் கடைசி நிறையிலேயே ஒளிந்திருக்கிறது. கரைப்பானில் துடைத்தால் போகும் பொருள், வேதிப் பிணைப்பால் இறுகிய வலைப்பின்னல் ஆகாது. கரைப்பான் ஆவியாகும்போது அது சற்றுச் சுருங்கவும் செய்யும்; பெரிய பள்ளத்தை நிரப்பும் என்று அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. காயவிடும் நேரம் பிசகினால் பலன் மாறும். உடனே மூடினால் கரைப்பான் உள்ளே சிக்கும். அதிகம் காயவிட்டால் பரவாது. கோடை மதியத்தில் ஒரு பதம், மழைநாளில் இன்னொரு பதம். இந்த நுணுக்கத்தை டியூபின் மேல் உள்ள குறிப்பு தீர்த்துவைக்காது. கைப்பழக்கம்தான் தீர்க்க வேண்டும்.

நான்காவது, ஒருபோதும் உறையாத ஹைலோமார் வகை. ஜெட் எஞ்சின்களின் இணைப்புகளுக்காக ரோல்ஸ்-ராய்ஸின் தேவையிலிருந்து பிறந்த நீலநிறப் பசை இது. பாலியெஸ்டர் யூரித்தேன் அடிப்படை கொண்டது. பெட்ரோலைத் தாங்கும். எப்போது வேண்டுமானாலும் திறந்து மூடலாம். ரேஸ் எஞ்சின் கட்டுகிறவர்கள் அதை விரும்புவதற்கு நியாயம் இருக்கிறது. நம் சூழலில் அதன் இயல்பான இடம் பஜாஜ் சேடக்போல வெஸ்பா மரபில் வந்த எஞ்சின். அங்கே கிரேங்க்கேஸ் பாதிகளுக்கு நடுவே காகிதப் பேக்கிங் உண்டு. அந்தக் காகிதத்தின் தடிமனைக் கணக்கில் கொண்டே கேஸ் கடையப்பட்டிருக்கிறது. அதை நீக்கிவிட்டு வெறும் பேஸ்டில் மூடுவது, ஆர்எக்ஸில் காகிதம் வெட்டி நுழைப்பதற்கு இணையான தவறு. இரண்டிலும் கிரேங்கின் இடைவெளி மாறுகிறது. காகிதத்தின் இருபுறமும் உறையாத பசையை மெல்லப் பூசுவது தகுந்த துணை. ஆனால் பத்து ஆண்டுகள் பிரிக்கப்போவதில்லை என்ற நினைப்போடு கட்டும் ஆர்எக்ஸின் வெற்று உலோக இணைப்புக்கு, ஒருபோதும் உறையாத பொருள் முதல் தேர்வாகாது. திறப்பதற்கு எளிது என்பது அங்கே இரண்டாம் பட்சப் பண்புதான்.

ஐந்தாவது, காற்று இல்லாத இடத்தில் உறையும் அனெரோபிக் வகை. அமெரிக்கப் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1950-களில் இதைப் பட்டறைப் பொருளாக்கினார். லாக்டைட் பிறந்தது அப்படித்தான். நட்டு-போல்ட் பூட்டும் பச்சை, நீலத் திரவங்கள் இந்தக் குடும்பத்தில் முந்தியவை. முகங்களை மூடும் 518, 515, 574 போன்ற பிசுபிசுப்பான வகைகள் அதன் நீட்சி. உலோகம் தொட்டுக்கொண்டும் காற்று விலகியும் இருந்தால்தான் இது உறையும். இரண்டு நிபந்தனையும் கூடும் இடம் போல்ட் இறுகிய இணைப்பின் உட்புறம் மட்டுமே.

இந்த ஒரு பண்பிலிருந்து இந்த வகையின் நிறைகள் ஏறத்தாழ எல்லாமே கிளைக்கின்றன. முகங்கள் முட்டும் வரை படலம் தடுப்பதில்லை. உலோகம் உலோகத்தோடு உட்காருகிறது. மூடுவதற்கு அவசரம் இல்லை. டவல் பின் பொருந்தவில்லை என்றால் நிதானமாகத் திறந்து மறுபடி வைக்கலாம். உள்ளே பிதுங்கியது காற்றைத் தொட்டுக்கொண்டு திரவமாகவே நிற்கிறது. எஞ்சின் ஓடியதும் பெட்ரோலும் எண்ணெயும் அதைக் கழுவி எரித்துவிடும். தலைமை அளவுகோலில் இதற்கு நேர் போட்டி இல்லை. உறைந்த படலம் குறுக்குப் பிணைப்புள்ள பிளாஸ்டிக். பெட்ரோலில் கரையும் பொருள் இல்லை. 518-க்குச் சொல்லப்படும் 150 டிகிரி எல்லை இந்த இணைப்புக்குத் தாராளம்.

இதற்குத் தக்க முன்னுதாரணமும் உண்டு. சிறிய விமானங்களுக்கு டூ-ஸ்ட்ரோக் செய்துவந்த ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ், 582 போன்ற இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களின் கிரேங்க்கேஸுக்கு லாக்டைட் 574-ஐத் தேர்ந்தது. ஜாம் ஆனால் சாலையோரம் நிறுத்திவைக்க முடியாத எஞ்சினை உருவாக்கியவர்களின் தேர்வு அது. அதைத் தனிச் சான்றாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் என் அளவுகோல்கள் இட்டுச்செல்லும் திசையிலேயே அதுவும் போகிறது.

இனி அதன் குறைகள். அலுமினியம் இந்த வேதிவினைக்குச் சுறுசுறுப்பான உலோகம் அன்று. செம்பு, இரும்பில் விரைவாக உறைவது இங்கே தாமதமாகிறது. ஆக்டிவேட்டர் தெளிக்காவிட்டால் ஒரு நாள் முழுவதும் பொறுக்க வேண்டும். மாலையில் கட்டி இரவிலேயே வண்டியைக் கொடுக்கும் பட்டறைக்கு இது இடைஞ்சல். இடைவெளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டரைத் தாண்டினால் உள்ளே காற்று மிஞ்சி உறைவதே சந்தேகம். காற்று விலகிய நெருக்கமான இடமெல்லாம் அதற்கு உறைவதற்கான இடம்தான் என்பதால் பேரிங் உட்காரும் பகுதிக்கு அருகில் அளவு மீறிப் பூசினால், ஓரத்தில் ஊர்ந்து போய்ச் சேரக்கூடாத இடத்தில் சேரும் அபாயமும் உண்டு. முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் பலவீனப்படும். எல்லாவற்றையும்விட, ஆழமான தழும்பை அது மன்னிப்பதே இல்லை.

இதைக் குறையாக எழுதுவதா, நேர்மையாக எழுதுவதா என்பதில்தான் இந்த மதிப்பீட்டின் மையம் இருக்கிறது. நம்மிடம் வரும் ஆர்எக்ஸ் கேஸ்களில் பலவற்றின் முகத்தில் ஸ்க்ரூடிரைவர் நுழைத்து நெம்பிய வடு இருக்கிறது. சிலிக்கோன் அந்த வடுவை மூடி மறைத்து, கசிவை ஒரு வருடம் ஒத்திப்போடுகிறது. அனெரோபிக் வகை மறைக்க மறுக்கிறது. கட்டிய அன்றே சோதனையில் காட்டிக்கொடுக்கிறது. தட்டையான கண்ணாடி மேல் முகத்தை வைத்து 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தல், நுழைந்தால் கண்ணாடி மேல் எமரி ஒட்டி முகத்தை மெல்லத் தேய்த்தல், ஆழமான வெட்டு என்றால் வெல்டிங் வைத்துக் கடைதல் என்பவை சீலண்டுக்கு முந்தைய வேலைகள். அவற்றைத் தவிர்க்க உதவும் சீலண்டைவிட, அவற்றைச் செய்யவைக்கும் சீலண்டே உயர்ந்த தரத்தைக் காக்கிறது.

எந்த வகையைத் தேர்ந்தாலும் தீர்ப்பு சோதனையில்தான் உறுதியாகும். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து, கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் கொடுத்து முள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதே அளவு உறிஞ்சி வெற்றிடத்திலும் பார்க்க வேண்டும். ஸ்டில் தன் செயின்சாக்களுக்கு விதித்திருக்கும் முறை இது: அழுத்தம் 20 வினாடியாவது மாறாமல் நிற்க வேண்டும், வெற்றிடம் அதே 20 வினாடியில் 0.3 பாருக்குக் கீழே குறையக்கூடாது. இரண்டு சோதனையும் ஏன் தேவை என்றால், ஆயில் சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால் உள் அழுத்தம் அதைக் கிரேங்கோடு இறுக்கும். வெற்றிடத்தில்தான் அது தளர்ந்து கசியும். அழுத்தச் சோதனை மட்டும் செய்தால் தேய்ந்த சீல் தப்பிவிடும்; பின்னால் பழி சீலண்டின் தலையில் விழும்.

அந்தப் பழியைப் பிரித்தறிவதும் திறனாய்வின் கடமை. ஆர்எக்ஸில் இடது பக்க மேக்னெட் சீல் போனால் காற்று ஏறும், ஸ்லோவில் ரேஸ் இறங்காமல் தொங்கும். வலது பக்க கிளட்ச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், கியர்பாக்ஸில் அளவு குறையும். கிரேங்க் அறைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள இணைப்பு கசிந்தாலும் இதே அறிகுறிகள்தான். எந்தப் பேஸ்டும் தேய்ந்த சீலைச் சரிசெய்யாது. புது ஆயில் சீல் போடாமல் செய்த எந்தச் சீலண்ட் ஒப்பீடும் மதிப்பற்றது.

இனித் தரவரிசை. முகம் தட்டையென்று அளந்து உறுதிசெய்த ஆர்எக்ஸ் 100 கிரேங்க்கேஸுக்கு முதலிடம் அனெரோபிக் வகைக்கு. படலம் மெல்லியது, மிச்சம் ஆபத்தற்றது, எரிபொருளில் கரையாதது என்ற மூன்றிலும் அது முன்னிற்கிறது. அதற்கான விலை ஒரு நாள் பொறுமையும், முகத்தைச் சீர்செய்யும் உழைப்பும். அந்த இரண்டையும் தர இயலாதவர் அதை வாங்கக்கூடாது. கிடைக்கும் பலன் சிலிக்கோனைவிடத் தாழ்ந்ததாக இருக்கும்.

இரண்டாமிடம் அரைகுறையாக உலரும் ஜப்பானிய வகைக்கு. இந்த எஞ்சினின் சொந்த மரபு அதுவே. முகத்தில் கண்ணுக்குத் தெரியும் மெல்லிய கீறல்கள் இருந்து, ஆனால் வெட்டுகள் இல்லாவிட்டால் அது முதலிடத்துக்கும் உயரலாம். கரைப்பானுக்கு விட்டுக்கொடுக்கும் பொருள் என்பதால் மட்டுமே ஒரு படி கீழே வைக்கிறேன். மூன்றாமிடம் வாடையற்ற சிலிக்கோனுக்கு, நிபந்தனையோடு: ஒரு நூலிழை தடிமன், உட்பக்க விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பூசுதல், எண்ணெய்த் துளைகளின் அருகே அறவே கூடாமை. வடிவமைப்பாளர்களே ஏற்ற பொருள் என்ற மரியாதை அதற்கு உண்டு. நம் பட்டறைகளில் அது பயன்படும் விதத்துக்கு அந்த மரியாதை இல்லை. ஹைலோமார் இந்த வரிசைக்கு வெளியே, காகிதப் பேக்கிங் உள்ள சேடக் போன்றவற்றில் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. செல்லாக்கிற்கு இன்றைய எத்தனால் பெட்ரோலில் இடமில்லை.

இந்த வரிசையில் ஒரு திருத்தம் நியாயமாகவே வரலாம். ஆண்டுக்கொரு முறை பிரிக்கும் ரேஸ் எஞ்சினுக்கு ஐந்தாவது கேள்வி மேலேறும், வரிசையும் மாறும். ஓர் அளவுகோலின் எடையை மாற்றினால் முடிவு மாறுவது மதிப்பீட்டின் பலவீனம் ஆகாது. எந்த எடையில் எந்த முடிவு என்று தெளிவாகத் தெரிந்தால் போதும். ஏற்க முடியாதது ஒன்றுதான்: எந்த அளவுகோலையும் முன்வைக்காமல், கடையில் இருந்தது என்பதற்காகவும் மறைத்துக் கொடுக்கும் என்பதற்காகவும் ஒரு டியூபைத் தேர்வது. டூ-ஸ்ட்ரோக் கிரேங்க்கேஸில் நல்ல சீலண்டின் வேலை முகத்துக்குத் துணையாக இருப்பது. கெட்ட முகத்துக்கு மாற்றாக அதை நிறுத்துகிறவர் எந்த டியூபை எடுத்தாலும் விலை கொடுக்கப்போவது பிஸ்டன்தான்.